பாடம் ஏறாததற்குப் பழி யார்மேல்? மொழி வகுப்பின் வெற்றி தோல்விகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்களின் கதை

1563ஆம் ஆண்டு டிசம்பர் 10. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்த காரணத்தால் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் தம் அவையினருடன் விண்ட்ஸர் கோட்டையில் தங்கியிருந்தார். அங்கே அரசியின் செயலர் வில்லியம் செசிலின் அறையில் ஒரு விருந்து. சாப்பாட்டின் நடுவே செசில் அன்று காலை தமக்கு வந்த செய்தி ஒன்றைச் சொன்னார். ஈட்டன் பள்ளி மாணவர்கள் சிலர் அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடிப்போய்விட்டார்களாம். ஆசிரியர்கள் பலர் மாணவன் செய்த குற்றத்தைத் தண்டிப்பதில்லை, அவனுடைய இயல்பைத்தான் தண்டிக்கிறார்கள் என்று செசில் வருத்தப்பட்டார்.

உடனே விருந்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. சர் வில்லியம் பீட்டர், பிரம்பு ஒன்றுதான் பள்ளியை நிலைநிறுத்தும் என்றார். நிக்கலஸ் வாட்டன், பள்ளி என்பது விளையாட்டுக்கூடம் போல இருக்கவேண்டும், பயமும் அடிமைத்தனமும் அங்கே கூடாது என்றார். வால்டர் ஹாடன் பிரம்புக் கட்சி. தம் காலத்தின் தலைசிறந்த ஆசிரியர்தான் மாணவரை அதிகம் அடித்தவரும் என்பது அவர் வாதம். அதற்கு, அரசிக்குக் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த ரோஜர் ஆஸ்காம் ஒரு பதில் சொன்னார். அந்த ஆசிரியரிடமிருந்து மிகச் சிறந்த ஒரு மாணவர் வெளிவந்தது உண்மைதான். ஆனால் அது அந்த மாணவரின் இயல்பான திறமையால் வந்ததே தவிர ஆசிரியரின் அடியால் வந்ததல்ல, இதற்கு நீங்களே சாட்சி என்றார். (அந்தச் சிறந்த மாணவர் ஹாடனேதான். எதிராளியைப் புகழ்ந்துகொண்டே அவர் வாதத்தை உடைப்பது ஒரு கலை!)

கருவூலத்தில் உயர்பதவி வகித்த சர் ரிச்சர்ட் சாக்வில் என்பவரும் அந்த விருந்தில் இருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. விருந்து முடிந்து ஆஸ்காம் அரசியோடு கிரேக்கம் படித்துவிட்டு வந்த பிறகு, அவரை ஒரு சன்னலோரம் அழைத்துப்போய்த் தம் கதையைச் சொன்னார். தமக்குப் பதினான்கு வயது நிறையும் முன்பே ஒரு மூட ஆசிரியர் அடியின் பயத்தைக் காட்டிக் கல்வியின்மேல் இருந்த ஆசை முழுவதையும் விரட்டிவிட்டார் என்றும், அந்த இழப்பை இப்போதுதான் முழுதாக உணர்வதாகவும் சொன்னார். தம் பேரன் ராபர்ட்டுக்காவது நல்ல கல்வி கிடைக்கவேண்டும் என்பதற்காக, ஆஸ்காம் தம் கருத்துகளை எழுதித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்படி உருவானதுதான் 'பள்ளி ஆசிரியர்' என்ற பொருள்படும் தலைப்புக் கொண்ட நூல். ஆஸ்காம் 1568இல் இறந்தார். நூலை அவர் மனைவி 1570இல் வெளியிட்டார்.

இலத்தீன் கற்பிப்பதற்கான நூல் என்றே அது பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அதன் முதல் பக்கங்களில் நடக்கும் விவாதம் வேறு. ஒரு மாணவன் மொழிப்பாடத்தில் தேறினால் அதற்குக் காரணம் என்ன, தேறாவிட்டால் காரணம் என்ன? பிரம்பு, இயல்பான அறிவு, ஆசிரியரின் குணம், பயம் என நான்கு காரணங்கள் ஒரே சாப்பாட்டு மேசையில் வந்து விழுந்துவிட்டன. ஆஸ்காம் இன்னொன்றும் சொல்கிறார். சட்டென்று பற்றிக்கொள்ளும் அறிவுடைய மாணவனை ஆசிரியர்கள் கொண்டாடுகிறார்கள், மெதுவாகப் பிடிக்கும் மாணவனை அடிக்கிறார்கள்; ஆனால் விரைவாகப் பற்றியவன் விரைவாக மறப்பான், மெதுவாகக் கற்றவனிடம்தான் கல்வி நிலைத்து நிற்கும். முதல் மாதத்து வேகத்தை வைத்து ஒரு பையனுக்குத் தீர்ப்பெழுதாதே என்பது 450 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

இதே கேள்விக்குத் தமிழில் அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகைப்படுத்துவது பள்ளியில் படித்த பலருக்கும் நினைவிருக்கும். அதே பாயிரம் ஆசிரியராகத் தகாதவர்களையும் பட்டியலிடுகிறது. போட்ட வரிசையில் வராமல் தாறுமாறாகக் கொட்டும் கழற்காய்க் குடம், தன்னை நெருங்கவிடாமல் தானாக விழுந்தால் மட்டுமே பழம் தரும் பனை, அடைப்பதும் எடுப்பதும் கடினமான பஞ்சுக் குடுக்கை, வளர்த்தவனுக்குத் தராமல் அடுத்த வீட்டில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை. வகுப்பறைகளில் எருமையும் ஓட்டைக்குடமும் வசைச்சொற்களாக நிலைத்துவிட்டன. பஞ்சுக் குடுக்கை மட்டும் எப்படியோ மறந்துபோயிற்று! பட்டியலின் எந்தப் பாதி நினைவில் நிற்கும் என்பதைப் பிரம்பு வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார் போலும்.

முறையே குற்றவாளி

ஐரோப்பாவில் அடுத்த முந்நூறு ஆண்டுகளும் பெரும்பாலும் மாணவனே குற்றவாளியாக இருந்தான். இலத்தீன் இலக்கணம் மூளைக்குத் தரப்படும் உடற்பயிற்சி என்று கருதப்பட்டதால், பயிற்சியில் தோற்றவன் சோம்பேறி அல்லது மந்தபுத்திக்காரன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் முதலிய வாழும் மொழிகளும் பள்ளிப் பாடங்களாயின. அவற்றையும் இலத்தீனைப் போலவே விதிகளும் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளுமாகக் கற்பித்தார்கள்.

இதற்கு எதிராக 1882இல் ஜெர்மனியில் ஒரு சிறு வெளியீடு வந்தது. மொழிக் கற்பித்தல் தலைகீழாகத் திரும்பவேண்டும் என்பது அதன் தலைப்பு. எழுதியவர் வில்ஹெல்ம் வியட்டோர். ஆனால் அட்டையில் அவர் பெயர் இல்லை. 'இன்னும் எத்தனை காலம்?' என்ற பொருள்படும் இலத்தீன் சொற்களைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அக்காலத்தில் ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடச்சுமை அதிகம் என்ற விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. வியட்டோர் அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் உழைக்காததால் தோற்கவில்லை, உழைத்து உழைத்துத் தோற்கிறார்கள். ஆகவே கோளாறு முறையில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். பேச்சொலியிலிருந்து தொடங்கவேண்டும், தனிச்சொற்களை விட்டு வாக்கியங்களைக் கற்பிக்கவேண்டும் என்ற சீர்திருத்த இயக்கம் இதிலிருந்துதான் வேகம் பெற்றது.

இந்த வாதத்துக்கு உயிருள்ள உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் பிரான்சுவா குவேனைச் சொல்லவேண்டும். பிரான்சைச் சேர்ந்த இந்த இலத்தீன் ஆசிரியர் ஜெர்மன் கற்க ஹாம்பர்க் நகருக்குப் போனார். இலத்தீன் கற்ற வழியிலேயே ஜெர்மனையும் பிடித்துவிடலாம் என்று நம்பினார். பத்தே நாளில் இலக்கண நூலையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களையும் மனப்பாடம் செய்தார். பெருமிதத்தோடு கல்லூரி விரிவுரைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. சரி, வேர்ச்சொற்கள் தெரியாததுதான் காரணம் என்று 800 வேர்ச்சொற்களை உருப்போட்டார். மறுபடி விரிவுரை. மறுபடி ஒன்றும் புரியவில்லை. தங்கியிருந்த வீட்டின் கீழே இருந்த முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களோடு பேசிப்பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டு அறைக்குத் திரும்பிய குவேன், கதேயையும் ஷில்லரையும் அகராதி வைத்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். கடைசியில் 30,000 சொற்கள் கொண்ட ஓர் அகராதியையே ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்தார். கண்பார்வை பாதிக்கப்பட்டதுதான் மிச்சம். ஜெர்மன் வரவில்லை.

ஊர் திரும்பியபோது, புறப்படும்போது சரியாகப் பேச்சு வராதிருந்த அக்கா மகன் சரளமாகப் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தை ஒருநாள் மாவு அரைக்கும் ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே நடந்ததை முதலில் இது, பிறகு இது, அதன்பிறகு இது என்று வரிசையாகச் சொல்லிச் சொல்லி விளையாடியதைக் குவேன் கவனித்தார். நிகழ்ச்சிகளின் வரிசையே மொழி கற்பதன் ரகசியம் என்ற முடிவுக்கு வந்தார். 1880இல் நூலாக எழுதினார். 1892இல் அது ஆங்கிலத்தில் வந்தபின் பெரும் புகழ் பெற்றது. ஒரு கதவைத் திறப்பதைக்கூடப் பல சிறு வாக்கியங்களாகப் பிரித்துச் செய்துகாட்டிக் கற்பிக்கும் முறை அது.

குவேன் கதையை மொழியாசிரியர் பயிற்சி நூல்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் மனப்பாடத்தைக் கேலி செய்வதற்காகச் சொல்கின்றன. அதில் கவனிக்கவேண்டியது வேறொன்று. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் குவேன் ஒரு காரணம் கற்பித்தார். அந்தக் காரணமே அவருடைய அடுத்த ஒரு வாரத்தை, ஒரு மாதத்தைத் தீர்மானித்தது. இன்னும் போதுமான அளவு மனப்பாடம் செய்யவில்லை என்று நினைத்தவரை அவர் கண் கெடும்வரை மனப்பாடம் செய்தார். தனக்கு மொழி வராது என்று அவர் ஒருமுறை நினைத்திருந்தால் அந்தப் புத்தகமே வந்திருக்காது. முடிதிருத்தும் கடையில் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால்? அதுதான் உண்மையான தோல்விக் காரணம் என்று பிற்கால ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். குவேனின் பட்டியலில் அது இடம்பெறவேயில்லை.

திறனா, ஆசையா?

முறைதான் எல்லாம் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் 55 பல்கலைக்கழகங்களின் உதவியோடு வீரர்களுக்கு அயல்மொழிகளைத் தீவிரமாகக் கற்பித்தது. நல்ல பலன் கிடைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் முறைக்கே வெற்றியைச் சூட்டினார்கள். பொறுக்கியெடுக்கப்பட்ட மாணவர்கள், சிறிய வகுப்புகள், நாள் முழுக்கப் பயிற்சி, கற்றே தீரவேண்டிய போர்க்கால அவசரம் என்ற மற்ற காரணங்கள் எல்லாம் நிழலில் போய்விட்டன. அதே பாணி உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தபோது, வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே கற்ற மாணவர்களிடம் அந்த மாயம் நடக்கவில்லை.

அப்போதுதான் உளவியலாளர்கள் மேடைக்கு வந்தார்கள். ஜான் கேரல், ஸ்டான்லி சப்பான் இருவரும் 1959இல் நவீன மொழித்திறன் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். மொழி கற்கத் தொடங்கும் முன்பே ஒருவர் எவ்வளவு எளிதாகக் கற்பார் என்பதைக் கணிக்கும் சோதனை அது. திறன் இருக்கிறதா இல்லையா என்று தரம்பிரிக்கும் கருவியாகவே பலர் அதைப் பார்த்தார்கள். ஆனால் கேரல் 1963இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் புரட்டிப் போடுகிறது. திறன் என்பது ஒருவருக்குக் கற்க எவ்வளவு நேரம் தேவை என்பதன் அளவு, அவ்வளவே என்று அவர் வரையறுத்தார். அதாவது திறன் குறைவு என்றால் கற்க முடியாது என்று பொருளல்ல, அதிக நேரம் வேண்டும் என்று பொருள். பள்ளி அந்த நேரத்தைத் தராதபோது தோல்வி யாருடையது? சோதனை உலகெங்கும் பரவியது. மொழிப் பள்ளிக்கூடங்கள் இந்த வரையறையை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

அதே 1959இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து இன்னொரு பதில் வந்தது. ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் இருவரும் பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 75 பேரை ஆராய்ந்தார்கள். திறனுக்குத் தொடர்பில்லாமல் இன்னொரு காரணமும் தனியாக வேலை செய்வதைக் கண்டார்கள். அது பிரெஞ்சு பேசும் மக்களைப் பற்றிய மனப்பான்மை. அம்மக்களோடு கலந்து பழக விரும்பியவர்கள் நன்றாகக் கற்றார்கள். மான்ட்ரியல் என்பது இரு மொழியினர் ஒரே ஊரில் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வாழ்ந்த நகரம் என்பதை மறக்கக்கூடாது. அங்கே கண்ட காரணம் எல்லா ஊருக்கும் பொருந்துமா? 1972இல் யாஸ்மின் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணவியர் 60 பேரை ஆராய்ந்தார். ஆங்கிலேயரோடு கலக்கும் ஆசை இல்லாமல், வேலை, முன்னேற்றம் போன்ற பயன்களுக்காக ஆங்கிலம் கற்க விரும்பியவர்களே அங்கே சிறப்பாகத் தேறியிருந்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லைதான். இருந்தாலும் ஒருவர் எழுதி வைத்தது நல்லதாயிற்று.

இன்னும் பெரிய அடி இங்கிலாந்திலிருந்து விழுந்தது. அங்கே 1964இல் தொடங்கி, ஆரம்பப் பள்ளிகளில் எட்டு வயது முதல் பிரெஞ்சு கற்பிக்கும் திட்டம் ஒன்று பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கிளேர் பர்ஸ்டல் குழுவினரின் அறிக்கை 1974இல் வெளியானது. சீக்கிரம் தொடங்குவதால் பெரிய பயன் இல்லை என்ற முடிவுதான் செய்தியாயிற்று, திட்டமும் பல இடங்களில் கைவிடப்பட்டது. ஆனால் அறிக்கையில் மான்ட்ரியல்காரர்களுக்கு நேர் எதிரான இன்னொரு கண்டுபிடிப்பு இருந்தது. ஆசை இருப்பதால் பிள்ளைகள் நன்றாகக் கற்பதில்லை, முதலில் நன்றாகக் கற்றதால்தான் பிற்பாடு ஆசை வந்தது. ஆரம்பத்தில் தோற்ற பிள்ளைகளிடம் பின்னாளில் வெறுப்பு வளர்ந்தது. அக்கறை இல்லாததால் தேறவில்லை என்று ஆசிரியர் எழுதும் குறிப்பு, சில சமயம் விளைவைக் காரணமாக மாற்றி எழுதிய குறிப்பாகிவிடுகிறது.

காரணங்களையே ஆராய்ந்தவர்கள்

இதுவரை வந்தவர்கள் எல்லாரும் உண்மையான காரணம் எது என்று தேடினார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிரிட்ஸ் ஹைடர் வேறு கேள்வி கேட்டார். சாதாரண மனிதர்கள் எப்படிக் காரணம் கண்டுபிடிக்கிறார்கள்? 1958இல் வந்த அவர் நூலின்படி நாம் ஒவ்வொருவரும் ஒரு கற்றுக்குட்டி உளவியலாளர். முடியுமா, முயன்றானா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே பிறர் செயலை எடைபோடுகிறோம்.

இதைக் கல்விக்குக் கொண்டுவந்தவர் பெர்னார்ட் வைனர். 1970களின் தொடக்கத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் தேர்வு முடிவுக்கு மக்கள் சொல்லும் காரணங்களை நான்காகத் தொகுத்தார்கள்: திறமை, முயற்சி, பாடத்தின் கடினம், அதிர்ஷ்டம். முதல் இரண்டும் தனக்குள்ளே, மற்ற இரண்டும் தனக்கு வெளியே. திறமையும் பாடக்கடினமும் மாறாதவை என்று தோன்றும். முயற்சியும் அதிர்ஷ்டமும் நாளைக்கே மாறலாம். நம்மால் கட்டுப்படுத்த முடியுமா என்ற மூன்றாவது அளவுகோலும் பின்னர் சேர்ந்தது. பார்ப்பதற்குக் கணக்குப் பரீட்சைக் கட்டம் போல இருக்கும் இந்த அட்டவணைக்குள் ஒரு கூர்மையான செய்தி இருக்கிறது. தோல்வியைவிட, அந்தத் தோல்விக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளும் காரணம்தான் அடுத்து நடக்கப்போவதைத் தீர்மானிக்கிறது. 'எனக்கு இங்கிலீஷ் மண்டையில் ஏறாது' என்று சொல்லும் மாணவி, தனக்குள்ளே இருப்பதும் மாறாததும் தன் கையில் இல்லாததுமான ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அந்த நிமிடமே படிப்பதற்கான நியாயம் முடிந்துவிடுகிறது. 'இந்தத் தடவை நான் தப்பான விதத்தில் படித்துவிட்டேன்' என்று சொல்லும் இன்னொருத்தி அதே மதிப்பெண்ணோடு அடுத்த தேர்வுக்குத் தயாராகிறாள்.

கரோல் ட்வெக் 1975இல் வெளியிட்ட ஒரு சிறு சோதனை இதைக் காட்டியது. பாடம் மொழியல்ல, கணிதம். தோல்வி வந்தால் உடனே கைவிட்டுவிடும் பிள்ளைகள் 12 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தொடர்ந்து எளிய கணக்குகளும் வெற்றிகளும் மட்டுமே கொடுக்கப்பட்டன. மற்றக் குழுவுக்கு இடையிடையே தோல்வியும் கொடுத்து, முயற்சி போதவில்லை, அதனால்தான் இது தவறிற்று என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. பிறகு கடினமான கணக்குகள் வந்தபோது, வெற்றி மட்டுமே ஊட்டப்பட்ட பிள்ளைகள் முன்போலவே இடிந்துபோனார்கள். இரண்டாம் குழு தாக்குப்பிடித்தது. பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் பாராட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று நினைத்தவர்களை இது யோசிக்க வைத்தது.

முயற்சி என்ற பதிலுக்கும் ஒரு முள் உண்டு. 1979இல் மார்ட்டின் கவிங்டனும் கரோல் ஓமெலிக்கும் முயற்சியை இருபக்கமும் வெட்டும் வாள் என்றார்கள். முயன்றும் தோற்றால், திறமை இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். முயலாமல் தோற்றால் குறைந்தபட்சம் அந்தச் சந்தேகமாவது மிஞ்சும். வகுப்பில் வாயே திறக்காத பையன், வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டு எழுதவில்லை என்று பொய் சொல்லும் பையன் இவர்களை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சோம்பல் என்ற சொல் அவ்வளவு எளிதாக வாயில் வராது. மொழி வகுப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. கணக்கில் தவறு செய்வது நோட்டுக்குள். மொழியில் தவறு செய்வது நாற்பது பேர் காதில் விழும்படி, தன் குரலில்!

இந்தப் பயத்தையே தனிக் காரணமாக எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் எலைன் ஹார்விட்ஸ் முதலியோர். 1986இல் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 வினாக்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். பதற்றம் கூடினால் மதிப்பெண் குறைகிறது என்று பல ஆய்வுகள் வந்தன. ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ், லியோனார் கான்ஷோ இருவரும் 1991இல் குறுக்கிட்டார்கள். பதற்றத்தால் மொழி வராமல் போகவில்லை, மொழி வராததால் பதற்றம் வருகிறது. தாய்மொழியிலேயே ஒலிகளையும் எழுத்துகளையும் கையாள்வதில் நுண்ணிய சிரமம் உள்ளவர்களே அயல்மொழியில் திணறுகிறார்கள் என்றார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகராக இருந்த கென்னத் டிங்க்லேஜ் 1971இலேயே இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருந்தார். மற்றப் பாடங்களில் எல்லாம் சிறந்து விளங்கிய அந்த மாணவர்களால், பட்டத்துக்குக் கட்டாயமான அயல்மொழித் தேர்வை மட்டும் தாண்ட முடியவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாராலும் முடியாது. சிறுவயதில் எழுதப் படிக்கக் கற்றதிலேயே சிரமப்பட்டவர்கள் அவர்களில் பலர். இப்படிப்பட்டவரிடம் போய் 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்பது குவேனுக்கு இன்னொரு அகராதி கொடுப்பது போலத்தான்.

மாணவர்களையே நேராகக் கேட்டவர்கள் இங்கிலாந்தின் மேரியன் வில்லியம்ஸும் ராபர்ட் பர்டனும். பிரெஞ்சு கற்கும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளை நேர்காணல் செய்து 1999இல் வெளியிட்டார்கள். சிறியவர்கள் கவனமாகக் கேட்டால் நன்றாகச் செய்யலாம் என்ற அளவில் சொன்னார்கள். வயது ஏற ஏறக் காரணங்களின் பட்டியல் நீண்டது. ஆனால் தாங்கள் நன்றாகக் கற்கிறோமா என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் மதிப்பெண்ணையும் ஆசிரியரின் பாராட்டையும் வைத்தே முடிவு செய்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரரோடு பேச முடிகிறதா என்பது அளவுகோலாக இல்லை. இதைப் படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. 2004இல் ஐந்து பள்ளிகளின் 285 மாணவர்களிடம் விரிவாகக் கேட்டபோது, வைனரின் நான்கு பெட்டிகளில் அடங்காத அளவுக்குக் காரணங்கள் வந்து குவிந்தன. படிக்கும் உத்தி, பாடத்தின் மேல் ஆர்வம், ஆசிரியர், நண்பர்கள் என்று போயிற்று அந்தப் பட்டியல்.

சென்னையும் பெங்களூரும்

முறையை மாற்றினால் எல்லாம் மாறும் என்ற நம்பிக்கை நம் மண்ணிலும் பெரிதாகப் பரிசோதிக்கப்பட்டது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு வாக்கிய அமைப்பு முறையில் மறுபயிற்சி தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் மேலும் சிலருக்குத் தந்து என உருண்டு பெரிதாகும் பனிப்பந்து போல இருந்ததால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது. (பனியே பார்க்காத சென்னையில் ஒரு பனிப்பந்து!) இருபது ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் வகுப்பில் வாக்கியங்களைச் சரியாகச் சொன்னார்கள், வெளியே அவற்றைப் பயன்படுத்தத் திணறினார்கள். பயிற்சி சரியில்லை, வகுப்பு பெரியது, பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள் என்ற வழக்கமான காரணங்கள் சொல்லப்பட்டன.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு வேறு காரணம் சொன்னார். கவனம் வாக்கிய அமைப்பில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்குவதில்லை, பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதே இலக்கணம் தானாக உருவாகிறது என்றார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்குப் புதிர் இவைதான் பாடம். மொழியைப் பற்றிப் பாடமே இல்லை. 1984இல் வெளியிலிருந்து வந்த ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் தேர்வு வைத்து மதிப்பிட்டார்கள். பிரபுவின் கருத்துக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது என்று எச்சரிக்கையோடு எழுதினார்கள். உடனே எதிர்க்கேள்வி வந்தது. வென்றது முறையா, அல்லது ஆர்வத்தோடு முன்வந்து கற்பித்த அந்த ஆசிரியர்களா? பெரெட்டாவே 1990இல் திரும்பிப் பார்த்து எழுதியபோது, திட்டத்தோடு ஒன்றிப்போனவர்களைவிட வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் அந்த முறையைக் கையாளச் சிரமப்பட்டதைக் காட்டினார். விண்ட்ஸர் விருந்தில் ஆஸ்காம் ஹாடனிடம் சொன்ன அதே தர்க்கம் இங்கே பிரபுவின் மேல் திரும்பியது.

பிரபு இதற்குச் சொன்ன பதில், பதில் போலவே தோன்றாத ஒன்று. அதே 1990இல் எழுதிய கட்டுரையில், எல்லாருக்கும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றார். தான் செய்வது எப்படிக் கற்றலுக்கு வழிவகுக்கிறது என்று ஆசிரியர் தமக்குள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார், அந்த விளக்கத்தை அவர் மனதார நம்பும்போது வகுப்பு உயிரோடு இருக்கிறது, அது வெறும் பழக்கமாக உறைந்துபோகும்போது எந்த முறையானாலும் வகுப்பு செத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. இயந்திரத்தனமான கற்பித்தல்தான் அவர் கண்ட எதிரி. தம்முடைய முறையும் அப்படி உறைந்துபோகக்கூடும் என்பதற்கு அவர் விலக்குக் கேட்கவில்லை.